அடித்த பாரையும் மடக்கிய பாரையும்

மன்னார் வளைகுடாவில் ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவுக்குத் தெற்கே, கடலுக்கு அடியில், ஒரு பவளத் திட்டு இருந்தது. அந்தத் திட்டில் நாற்பது பாரை மீன்கள் ஒரே கூட்டமாக வாழ்ந்துவந்தன.

பாரை வேட்டையாடித் தின்னும் மீன். வெள்ளித் தகடு போல் உடம்பு, கவட்டை போல் பிளந்த வால். ஒரு பாரை தனியாக வந்தால் யாரும் பெரிதாகப் பயப்பட மாட்டார்கள். முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் நாற்பதும் சேர்ந்து வந்தால் சாளை என்னும் சின்ன மீன்கள் பயந்து ஒடுங்கிவிடும்.

அவை வேட்டையாடும் விதம் அப்படி. காலையில் வெயில் தண்ணீருக்குள் சாய்வாக இறங்கும் நேரத்தில் சாளைக் கூட்டம் திட்டின் ஓரமாக வரும். ஆயிரக்கணக்கில் வரும். உடனே இருபத்தைந்து பாரைகள் பிரிந்து போய் அவற்றைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். சில கீழே நிற்கும், சில இரண்டு பக்கமும் நிற்கும், சில பின்னால் நிற்கும். இவை கடிப்பதில்லை. கிட்டே போய் உடம்பைப் பளிச்சென்று காட்டிவிட்டுத் திரும்பும், அவ்வளவுதான். சாளைகள் பயந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரு பெரிய பந்தாகிவிடும். அந்தப் பந்து மேலே மேலே போகும். ஓர் இடத்தில் கடல் முடிந்துவிடும். அதற்கு மேல் வானம்தான். வானத்தில் ஆலா என்னும் கடற்பறவைகள் மீனைக் கொத்தக் காத்துக்கொண்டிருக்கும்.

அப்போது மீதிப் பதினைந்து பாரைகள் அந்தப் பந்துக்குள் பாயும். அடிபட்ட சாளைகளும் மயங்கிய சாளைகளும் மழை போல் கீழே விழும். அடித்தவை வாயில் பிடித்ததைத் தின்னும், மடக்கியவை விழுந்ததைத் தின்னும். எல்லோருக்கும் வயிறு நிறையும்.

அடிப்பவர்கள் யார், மடக்குபவர்கள் யார் என்று ஒருவரும் உத்தரவு போட்டதில்லை. அவரவர் உடம்புக்கு எது வந்ததோ அதைச் செய்தார்கள்.

அடிப்பவர்களில் வீச்சன் என்ற பாரைக்கு இணையில்லை. அவன் பாய்ந்தால் தண்ணீரில் ஒரு கோடு மட்டும்தான் தெரியும். மடக்குபவர்களில் கெட்டிக்காரி மஞ்சணத்தி. துடுப்புகள் மஞ்சள் நிறமாக இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். கிழக்குப் பக்கம் அவளுடையது. ஒரு சாளை எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அதன் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அது திரும்புவதற்கு முன்னால் அங்கே போய் நிற்பாள்.

வேட்டை முடிந்ததும் நாற்பதும் திட்டின் மேலே வந்து, ஒரு பெரிய சக்கரம் போல் மெதுவாகச் சுற்றிக்கொண்டு சாயங்காலம்வரை ஓய்வெடுக்கும்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் ஒரு சீலா மீன் அந்தத் திட்டுக்கு வந்து சேர்ந்தது. அதுவும் வேட்டையாடும் மீன்தான். ஆனால் தனி ஆள். ஒரு மனிதன் நீளம் இருக்கும். நீண்ட தாடையில் ஊசி ஊசியாகப் பல். ஒரு குடைப் பவளத்தின் அடியில் மிதக்கும் கட்டை போல் அசையாமல் நிற்கும். பாரைகள் அதைச் சீலா மாமா என்று மரியாதையாக அழைத்து, மரியாதையாகவே தள்ளியும் இருந்தன.

சீலாவுக்குப் பாரை என்றால் நாக்கு ஊறும். ஆனால் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சக்கரம் அதற்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. ஒரு பாரையைக் குறிவைத்தால், அது அடுத்த பாரைக்குள் மறைந்துவிடும். அதைக் குறிவைத்தால் அதற்கடுத்ததில் மறைந்துவிடும். நாற்பது வெள்ளித் தகடுகள் சுற்றிச் சுற்றி மின்னியதில் சீலாவுக்குக் கண் கிறுகிறுத்தது. இரண்டு முறை பாய்ந்து பார்த்தது. இரண்டு முறையும் வெறும் வாயோடு திரும்பியது.

'இந்தச் சக்கரம் சுத்துறவரைக்கும் நமக்குச் சாப்பாடு கிடையாது' என்று அது புரிந்துகொண்டது.

திட்டின் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய பவளம் இருந்தது. அதில் விரல் அளவுள்ள நீல மீன்கள் குடியிருந்தன. பெரிய மீன்களின் பல்லிடுக்கையும் செவுளையும் சுத்தம் செய்வது அவற்றின் தொழில். அந்த இடத்தில் யாரும் யாரையும் கடிப்பதில்லை. அது எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம்.

ஒரு நாள் வேட்டைக்குப் பிறகு வீச்சன் செவுளைச் சுத்தம் செய்துகொள்ள அங்கே வந்தான். சீலா அவனுக்கு முன்பே வந்து வாயைத் திறந்துவைத்திருந்தது. நாலைந்து நீல மீன்கள் அதன் பற்களுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தன.

"தம்பி, இன்னைக்கு நீ பாஞ்சதைப் பார்த்தேன்" என்றது சீலா, வாயை மூடாமலே. "நான் எத்தனையோ கடல் சுத்தியிருக்கேன். இப்படி ஒரு பாய்ச்சலைப் பார்த்ததில்லை."

வீச்சனுக்குச் செவுள் விரிந்தது. "என்னவோ, வருது மாமா" என்றான்.

"எத்தனை தடவை பாஞ்சே?"

"பத்து, பன்னெண்டு தடவை இருக்கும்."

"எத்தனை மீன் உன் வயித்துக்குப் போச்சு?"

"நாலு."

"மிச்சமெல்லாம்?"

"கீழே விழுந்துச்சு. மடக்குறவங்க சாப்பிட்டாங்க."

"ஓகோ. அவங்க எத்தனை தடவை பாஞ்சாங்க?"

வீச்சன் ஒரு முறை திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான்.

"நான் வெளி ஆளு. உங்க கூட்டத்து விஷயத்துல நான் தலையிடக் கூடாது" என்றது சீலா. "ஏதோ மனசு கேக்கல, கேட்டுட்டேன்."

"மாமா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க. எங்களுக்கு வேலை ஓட மாட்டேங்குது" என்று உள்ளேயிருந்து ஒரு நீல மீன் சொன்னது.

சீலாவும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. வீச்சன் செவுளைச் சுத்தம் செய்துகொள்ளாமலே திரும்பிப் போனான்.

அன்று மத்தியானம் சக்கரம் சுற்றும்போது வீச்சனுக்குத் தன் வயிறு வழக்கம்போல் நிறைந்திருப்பது ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் நீந்திய மஞ்சணத்தியின் வயிறும் நிறைந்திருப்பதுதான் கண்ணில் பட்டது. மறுநாளும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் எல்லோர் முன்னாலும் பேசிவிட்டான்.

"அடிக்கிறவங்க பதினஞ்சு பேரு. சாப்பிடுறவங்க நாப்பது பேரு. இது என்ன நியாயம்? நாளையிலேருந்து யாரு அடிக்கிறாங்களோ அவங்கதான் சாப்பிடணும்."

அடிப்பவர்களில் கருமுதுகன் என்று ஒருவன் இருந்தான். "அவன் சொல்றதுல ஒண்ணும் தப்பில்லையே" என்றான் அவன். மற்ற அடிப்பவர்களும் தலையாட்டினார்கள்.

மஞ்சணத்தி கேட்டாள்: "அப்ப நாங்க என்னதான் செய்யறோம்னு நினைக்கிறே, வீச்சா?"

"சுத்தி நீந்துறீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா. சுத்தி யாரு வேணா நீந்தலாம்."

மஞ்சணத்தி மற்ற மடக்குபவர்களைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவர்கள் பேசாமல் இருந்தார்கள். தங்கள் வேலை ஒரு வேலையே இல்லையோ என்ற சந்தேகம் அவர்களில் பல பேருக்கு உள்ளுக்குள் இருந்திருக்கிறது. அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வீச்சன் பேச்சைவிட அதுதான் அவளை அதிகம் வருத்தியது.

"சரி. நாளையிலேருந்து நானும் அடிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் சாளைக் கூட்டம் வந்தது. நாற்பது பாரைகளும் ஒரே பக்கத்திலிருந்து பாய்ந்தன. சாளைகள் திரை விலகுவது போல் விலகி, பாரைகள் கடந்து போனதும் மறுபடி சேர்ந்துகொண்டன. பாய்ந்த வேகத்தில் இரண்டு பாரைகள் தலையோடு தலை மோதிக்கொண்டன. வீச்சனுக்கு ஒரு சாளை கிடைத்தது. கருமுதுகனுக்குப் பாதி கிடைத்தது. மஞ்சணத்தியின் வாயில் நாலு செதில்தான் மிஞ்சியது. மேலே வட்டமிட்ட ஆலாப் பறவைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டன.

"முதல் நாள்தானே, பழகினா சரியாயிடும்" என்றான் வீச்சன்.

இரண்டாம் நாளும் சரியாகவில்லை. மூன்றாம் நாள் சண்டை வந்தது.

"நீ ஏன் என் வழியில குறுக்கே வந்தே?"

"உன் வழின்னு தண்ணியில எழுதி வெச்சிருக்கா?"

"நான் அடிச்ச மீனை நீ தின்னுட்டே."

"அது நான் அடிச்சது."

நாலாம் நாள் சில பாரைகள் தனியாக இரை தேடப் போய்விட்டன. கூட்டத்தோடு பட்டினி கிடப்பதைவிடத் தனியாகப் போனால் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தன. அதற்கடுத்த நாள் இன்னும் சில போயின. மத்தியானச் சக்கரம் முப்பதாகக் குறைந்தது, பிறகு பன்னிரண்டாகக் குறைந்தது. ஒரு நாள் சுற்றுவதற்கு யாருமே வரவில்லை.

குடைப் பவளத்தின் அடியில் சீலா மட்டும் நாளுக்கு நாள் பருத்துவந்தது. முதலில் சின்னக்கண்ணி என்ற பாரை காணாமல் போனாள். அடுத்து இரட்டைக்கோடன் காணாமல் போனான். பிறகு இன்னும் இரண்டு பேர். எங்காவது நல்ல இடம் பார்த்துப் போயிருப்பார்கள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவரவர் வயிற்றைப் பார்ப்பதற்கே நேரம் போதாதபோது, யாரைத் தேடுவது?

இப்படிப் பத்து நாள் ஓடியது. மஞ்சணத்தி மணலைக் கிளறிக் குட்டி இறால்களைப் பொறுக்கித் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் சாளைக் கூட்டம் அவளைத் தாண்டிப் போனது. அவள் பாய்ந்தாள். குறி தப்பியது. மறுபடி பாய்ந்தாள். மறுபடியும் தப்பியது. அவள் களைத்துப் போய் நின்றாள். கொழுத்த சாளை ஒன்று தைரியமாக அவள் எதிரிலேயே வந்து நின்றது.

"என்ன அக்கா, ஆளே இளைச்சுட்டீங்க?"

"பேசாம போயிடு."

"போறேன், போறேன். உங்களுக்கு நன்றி சொல்லலாம்னுதான் வந்தேன். இந்த பத்து நாளா நாங்க நிம்மதியா இருக்கோம்" என்றது சாளை. அதற்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "உங்க ஆளு ஒருத்தன் கோடு மாதிரி வருவானே, அவனுக்கு நாங்க என்னைக்கும் பயந்ததில்ல. வருவான், ஒண்ணு ரெண்டைக் கொண்டு போவான். அந்தப் பக்கத்துல நிப்பாங்களே, அவங்களுக்குத்தான் பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மூஞ்சி நிக்கும். கிழக்குப் பக்கம் ஒருத்தி நிப்பா பாருங்க, அப்பப்பா. நாங்க நினைக்கிறதுக்கு முன்னாடியே அங்க இருப்பா. அவ செத்துட்டாளா?"

"இல்ல. உயிரோடதான் இருக்கா" என்றாள் மஞ்சணத்தி.

சாளை அவளுடைய மஞ்சள் துடுப்பை ஒரு முறை பார்த்தது. பிறகு சத்தமில்லாமல் கூட்டத்துக்குள் போய் மறைந்தது.

மஞ்சணத்தி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பத்து நாளாக மனதில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் வெகுநேரம் நிலைக்கவில்லை. சற்றுத் தள்ளி உளியன் என்ற இளம் பாரை தனியாகக் குடைப் பவளத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அடியில் கட்டை போல் நின்றது அசைந்தது. ஒரு நொடிதான். உளியன் இருந்த இடத்தில் சில செதில்கள் மட்டும் மின்னிக்கொண்டே மணலில் இறங்கின.

மஞ்சணத்தி ஒரு பவளக் கிளைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.  சின்னக்கண்ணியும் இரட்டைக்கோடனும் எங்கே போனார்கள் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மறுபக்கத்திலிருந்து வீச்சன் வந்தான். அவன் எதையும் பார்த்திருக்கவில்லை. அவனும் மெலிந்துபோயிருந்தான்.

"வா தம்பி. உன்னைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றது சீலா.

"மாமா, ஒரு சாளைகூட மாட்ட மாட்டேங்குது. எனக்கு வேகம் குறைஞ்சுபோச்சோ என்னவோ."

"வேகம் அப்படியேதான் இருக்கு. இடம்தான் சரியில்ல. திட்டு முடிஞ்சு ஆழம் தொடங்குதே, அங்க ஒரு இடம் எனக்குத் தெரியும். சாளை குவிஞ்சு கிடக்குது. நாளைக்குக் காலையில வா, காட்டுறேன். யாரையும் கூட்டிக்கிட்டு வராதே. கூட்டம் சேர்ந்தா சாளை கலைஞ்சிடும்."

"இப்பவே போகலாமே மாமா."

"இப்ப எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு" என்றது சீலா. அது சொன்னதில் அந்த ஒன்றுதான் உண்மை.

வீச்சன் தலையாட்டிவிட்டு ஒரே பாய்ச்சலில் போய்விட்டான். மஞ்சணத்தி அவனை எச்சரிக்கப் பின்னாலேயே போனாள். ஆனால் அவன் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. எங்கே போனான் என்றே தெரியவில்லை. எனவே அவள் மற்றவர்களைத் தேடினாள். ஒவ்வொரு பொந்தாக, ஒவ்வொரு மணல் மேடாகத் தேடினாள். விடியும்போது முப்பது பேருக்கு மேல் நீல மீன்களின் பவளத்தைச் சுற்றி வந்து நின்றார்கள். பார்த்ததையெல்லாம் அவள் சொன்னாள்.

 பொட்டி என்ற பாரைதான் முதலில் பேசினாள். அவளும் மடக்குகிறவள்தான்.

"சீலாவை விட்டு எல்லாரும் தள்ளி இருப்போம். அது சரி. ஆனா வீச்சனுக்காக நாம ஏன் போகணும்? நம்ம வயித்துல அடிச்சதே அவன்தான். போறவன் போகட்டும்."

பலரும் அதையேதான் நினைத்தார்கள்.

"எனக்கும் அவன் மேல கோபம் இருக்கு" என்றாள் மஞ்சணத்தி. "அது இன்னும் போகல. ஆனா பத்து நாளா நான் அடிச்சுப் பார்த்துட்டேன். எனக்கு வரல. அவன் மாதிரி உங்க யாருக்கும் வரல. அவன் போயிட்டா நாம மடக்கி வெச்ச சாளைப் பந்தை யாரு உடைக்கிறது? அதோட, இன்னைக்கு அவனைத் தின்ன வாய் நாளைக்கு என்னைத் தேடும், உன்னையும் தேடும்."

கருமுதுகன் கேட்டான்: "சீலாவை நாம என்ன செய்ய முடியும்? அது நம்மைவிட நாலு மடங்கு நீளம்."

"சாளையை என்ன செய்வோமோ அதையே செய்வோம். யாரும் கடிக்க வேண்டாம். கிட்டே போங்க, உடம்பைக் காட்டுங்க, திரும்புங்க. அது எந்தப் பக்கம் பார்த்தாலும் நாம நிக்கணும்."

"அது தின்னுடும்."

"தனியா போனா தின்னும்" என்றாள் மஞ்சணத்தி. "பத்து நாளுக்கு முன்னாடி அது நம்மள்ல ஒருத்தரையாவது தின்னுச்சா, சொல்லு."

கருமுதுகன் யோசித்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். பொட்டி கடைசியாக வந்தாள்.

அதற்குள் வீச்சன் திட்டின் ஓரத்தைத் தாண்டியிருந்தான். அங்கே தரை சட்டென்று முடிந்து, கீழே கருநீலமாக ஆழம் தொடங்கியது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு சாளைகூட இல்லை.

"மாமா, சாளை எங்க?"

"இன்னும் கொஞ்சம் தள்ளித்தான்" என்றது சீலா, அவனுக்குப் பின்னாலிருந்து.

அந்தக் குரல் மிகவும் பக்கத்தில் கேட்டது. வீச்சன் திரும்பிப் பார்த்தான். சீலாவின் விலாவில் கறுப்புப் பட்டைகள் தோன்றியிருந்தன. வேட்டைக்குத் தயாராகும்போதுதான் அதற்கு அந்தப் பட்டைகள் தோன்றும். வீச்சன் பாய்ந்தான். வேறு எந்தப் பாரையாக இருந்தாலும் அங்கேயே கதை முடிந்திருக்கும். அவனுடைய வேகத்தால் உயிர் தப்பியது. ஆனால் வாலின் மேல் பாதி சீலாவின் வாயில் போய்விட்டது.

அடுத்த முறை பாய முயன்றபோது உடம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுழன்றது. நேராகவே போக முடியவில்லை. சீலா நிதானமாகத் திரும்பியது. இனி அதற்கு அவசரம் இல்லை.

அப்போது அதன் இடது கண்ணில் ஒரு வெளிச்சம் அடித்தது. வலது கண்ணில் இன்னொன்று அடித்தது. சீலா நின்றது. முப்பதுக்கும் மேற்பட்ட பாரைகள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன.

சீலா கிழக்கே திரும்பியது. காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மஞ்சணத்தி நின்றாள். அவளைக் கடிக்கப் பாய்ந்தது. அங்கே அவள் இல்லை, பொட்டி இருந்தாள். பொட்டியைக் கடிக்கப் போனது. கருமுதுகன் இருந்தான். சுற்றும் வேகம் கூடிக்கொண்டே போனது. வெள்ளி உடம்புகள் பளிச் பளிச்சென்று மின்னின. சீலாவுக்கு மறுபடி கண் கிறுகிறுத்தது. இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கடித்தது. கருமுதுகன் துணிந்து அதன் செவுளில் தலையால் ஓர் இடி இடித்தான். பின்னாலிருந்து இன்னொருவர் இடித்தார். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. அது ஆழத்தின் பக்கம். அதை மஞ்சணத்திதான் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தாள்.

சீலா அந்த வழியாக ஈட்டி போல் புறப்பட்டுப் போனது. திரும்பிப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு அந்தத் திட்டில் அதை யாரும் பார்க்கவில்லை.

"அக்கா" என்றான் வீச்சன். 

"பேசாதே. ரத்தம் போகுது. நடுவுல வா" என்றாள் மஞ்சணத்தி.

அவனை நடுவில் வைத்துச் சுற்றிக்கொண்டே எல்லோரும் திட்டுக்குத் திரும்பினார்கள். நீல மீன்கள் அவன் காயத்தைச் சுத்தம் செய்தன. அங்கே வைத்துத்தான் சீலா தன்னிடம் என்ன கேட்டது, தான் எப்படி மயங்கினான் என்று எல்லாவற்றையும் அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். போனவர்கள் யார் யார் என்று மஞ்சணத்தி சொன்னபோது, சின்னக்கண்ணியின் பெயரிலிருந்து உளியனின் பெயர்வரை அவனும் கூடவே ஒவ்வொன்றாகச் சொன்னான்.

சாளைக் கூட்டம் திட்டுப் பக்கம் வராத சில நாளில் காயம் ஆறியது. ஆனால் வால் முளைக்கவில்லை. இனி அவனால் பழையபடி பாய முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பொட்டி மஞ்சணத்தியிடம் வந்து சொன்னாள்: "அடிப்பான்னுதானே காப்பாத்தினோம். இப்ப அவனால அடிக்கவும் முடியாது."

"ஆமா" என்றாள் மஞ்சணத்தி. கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மடக்கட்டும்."

மறுநாள் காலையில் சாளைக் கூட்டம் வந்தது. மடக்குபவர்கள் அவரவர் பக்கம் போய் நின்றார்கள். அடிப்பவர்கள் நடுவில் திரண்டார்கள். வீச்சன் மட்டும் பவளத்தை விட்டு வரவில்லை.

"நீ வரலையா?" என்று கேட்டாள் மஞ்சணத்தி.

"அடிக்கிறவங்கதான் சாப்பிடணும்னு சொன்னது நான்தானே. நான் எந்த முகத்தோட வர்றது?"

"அந்தப் பேச்சு எங்க யாருக்கும் இப்ப வேண்டாம். இரட்டைக்கோடன் நின்ன இடம் காலியா இருக்கு. மேற்குப் பக்கம். வந்து நில்லு."

"எனக்கு மடக்கத் தெரியாது அக்கா."

"கத்துக்கோ. ஆனா எல்லாரும் பசியோட இருக்கோம். ரொம்ப விட்டுடாதே."

வீச்சன் மேற்குப் பக்கம் போய் நின்றான். அடிக்கும்போது ஒரே ஒரு மீனைப் பார்த்தால் போதும். இங்கே எல்லா மீனையும் பார்க்க வேண்டியிருந்தது. அதோடு பக்கத்தில் நிற்பவர் எங்கே நகர்கிறார் என்றும் பார்க்க வேண்டியிருந்தது. பாய வேண்டும் போல் உடம்பு துடிக்கும்போது பாயாமல் நிற்க வேண்டியிருந்தது. முதலிலேயே முப்பது, நாற்பது சாளைகள் அவன் பக்கமாக நழுவிப் போய்விட்டன. பொட்டி விரைந்து வந்து ஓட்டையை அடைத்தாள். "கண்ணைப் பாரு, வாலைப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த முறை பத்துதான் போயின. அதற்கடுத்த முறை ஒன்றுகூடப் போகவில்லை.

பந்து இறுகியது. மேலே மேலே போய் வானத்தைத் தொட்டது. ஆலாப் பறவைகள் கூச்சலிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன. கருமுதுகன் முதலில் பாய்ந்தான். அவனுக்கு வீச்சனின் பழைய வேகம் இல்லை. எனவே ஒன்றுக்கு இரண்டு முறை பாய வேண்டியிருந்தது. ஆனாலும் சாளைகள் மழை போல் விழத் தொடங்கின.

வீச்சனுக்குப் பக்கத்திலும் ஒன்று விழுந்தது. அவன் அதைப் பார்த்தபடி நின்றான். அது மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

"என்ன பார்க்கிறே? உன் பக்கத்துல விழுந்தது உன்னோடது" என்றாள் பொட்டி, வாய் நிறைய மீனோடு.

வீச்சன் அதைத் தின்றான். பிறகு இன்னொன்று தின்றான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

அன்று மத்தியானம் திட்டின் மேலே மறுபடியும் சக்கரம் சுற்றியது. முன்பைவிடச் சிறிய சக்கரம்தான். போனவர்களின் இடம் அங்கங்கே தெரிந்தது. ஆனால் எல்லோருக்கும் வயிறு நிறைந்திருந்தது. வெயில் தண்ணீருக்குள் இறங்கி எல்லோர் முதுகிலும் ஒரே மாதிரி விழுந்தது. வீச்சன் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நீந்தினான். பக்கத்தில் போன மஞ்சணத்தி அவனுக்கு ஏற்றபடி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.  

பலர் சேர்ந்து செய்யும் வேலையில், கண்ணில் படாமல் உழைப்பவரின் பங்கைப் பறித்தால் கடைசியில் எல்லோர் வயிறும்தான் காயும்.